மீண்டும் எண்ணவும்

மனசு மரத்துப்போனவர்களால் அரசாங்கத்துக்கு ஒரு நன்மை உண்டு. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே செய்வார்கள்.

ஜெசிந்தாவின் மேசைமேல் அன்று காலை கிடந்த படிவம் ஒரே பக்கம்தான். மேலே தேதிக்கு ஒரு கட்டம். கீழே இரண்டு வாக்கியம்: ‘கணிப்பு முறையின் முடிவுகளை ஆய்வகத்தின் நேரடி எண்ணிக்கையோடு ஒப்பிட்டேன்; ஒத்துப்போகின்றன. முதல்நிலைப் பதிவேடுகளை நேரில் பார்த்தேன்.’ அதற்குக் கீழே கையெழுத்து. மதியம் மூன்று மணிக்கு இணை இயக்குநர் கோமதிநாயகம் சென்னையிலிருந்து வந்து அதை வாங்கிக்கொண்டு போவார். திங்கட்கிழமை முதல் மாநிலம் முழுக்கத் தட்டு வைப்பது நின்றுவிடும். இனிக் கணக்கு மட்டும் போதும்.

தேதிக் கட்டத்தில் 18 என்று எழுதினாள். அவளுடைய எட்டு, ஊரார் எட்டைப் போல ஒரே சுழியில் வராது. தனித்தனியாக இரண்டு வட்டம் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி வைப்பாள். “ரெண்டு இட்லிய அடுக்கி வச்சிட்டு எட்டுங்கா” என்று கிளாட்வின் கேலி பண்ணுவான். கிளாட்வின் அவள் கணவன். போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அதை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வரிக்குப் போனாள்.

தட்டு வைப்பது என்றால் என்ன என்று பாளையங்கோட்டையில் இப்போது பால்காரரைக் கேட்டாலும் சொல்வார். மாநிலம் முழுக்கப் பரவிய கொக்குக் காய்ச்சல் அத்தனை பேருக்கும் அதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. நோயாளியின் மூக்கிலிருந்து கொஞ்சம் செல்களைச் சுரண்டி எடுத்து, உள்ளங்கை அகலத் தட்டில் பாய் விரித்ததுபோல் பரவ விடுவார்கள். அதன்மேல் வைரசை விடுவார்கள். பிறகு ஊதாச் சாயம் ஊற்றினால் உயிருள்ள செல்கள் சாயம் பிடிக்கும், செத்த இடங்கள் வெள்ளைப் பொட்டுகளாக நிற்கும். அந்தப் பொட்டுகளை ஆள் உட்கார்ந்து எண்ண வேண்டும். முதல் நாள் ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை. அந்த இரண்டு எண்களையும் கொடுத்தால், ஒரு செல் சாவதற்குள் இன்னும் எத்தனை செல்லுக்கு ஒட்டிவிட்டுச் சாகிறது என்று கணக்கு சொல்லும். மூன்றுக்குள் இருந்தால் மருந்து கேட்கும். மூன்றைத் தாண்டினால் மருந்து கொடுத்தும் பிரயோஜனம் இல்லை. மருந்தோ நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குத்தான் இருந்தது. அதனால் மூன்றைத் தாண்டியவர்களுக்கு அது கிடையாது.

அந்தக் கணக்கை எழுதியவள் ஜெசிந்தா. ஆய்வகத்தில் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாள் எண்ணிக்கையை வைத்து மறுநாள் எத்தனை பொட்டு வரும் என்று கணக்குப்பிள்ளை முன்கூட்டியே சொல்லிவிடும். ஆரம்பத்தில் நூற்றுக்கு எண்பத்தொரு தடவை அது சொன்னது சரியாக இருந்தது. போகப்போகத் தொண்ணூற்றேழு ஆயிற்று. அவளுக்கு ஒரு கேடயமும் பொன்னாடையும் கிடைத்தன. பொன்னாடையை மாமியார் பீரோவில் வைத்திருக்கிறார்.

அதே கணக்குப்பிள்ளைதான் கிளாட்வினுக்கு 3.4 என்று சொன்னது. அவன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். தினமும் காலையில் வ.உ.சி. மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுகிறவன். இருந்தும் 3.4. மருந்து கிடையாது என்றார்கள். மேல்மாடி வார்டில் ஐந்து நாள் கிடந்தான். யாரையும் உள்ளே விடவில்லை. கீழே வராந்தாவில் சும்மா உட்காரப் பிடிக்காமல், அவள் அதே கட்டடத்தில் இருந்த ஆய்வகத்துக்கு வந்து, கைக்குக் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். என்ன வேலை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அந்த ஐந்து நாளும் அவள் நினைவில் சாயம் ஊற்றாத தட்டாக இருந்தன. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடக்கத்தன்றும் அவள் அழவில்லை. “கல்லுநெஞ்சுக்காரி” என்று மாமியார் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது பொய்யில்லை என்று ஜெசிந்தாவுக்கே தோன்றியது. அதற்கு வெட்கப்படக்கூட அவளுக்கு வரவில்லை.

‘முதல்நிலைப் பதிவேடுகளை நேரில் பார்த்தேன்’ என்று எழுதியிருக்கிறது. பார்க்க வேண்டும். எழுந்து உள்ளே போனாள்.

பால்துரை தட்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக அங்கே டெக்னீஷியன். தட்டைக் கையில் எடுத்தாலே செல் நன்றாக வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

“அண்ணாச்சி, பழைய பதிவேடெல்லாம் எடுத்துத் தாங்க.”

“எல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்கு டாக்டரம்மா.”

“கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு முந்தி பென்சில்ல எழுதி வைப்பியள்லா, அந்த நோட்டு.”

பால்துரையின் கை அலமாரியிலேயே நின்றது. “அது சும்மா பழைய காலத்துப் பழக்கம். கிறுக்கி வச்சிருந்தோம், எட்டு மாசமா அதயும் விட்டாச்சு. அதப் போயி யாரு பாப்பா?”

“நான் பாக்கணும். பாத்தேன்னு கையெழுத்துப் போடணும்.”

“போட்டுட்டுப் போங்க. ஊர்ல எவன் பாத்துட்டுப் போடுதான்?”

அவள் அங்கேயே நின்றாள். அவளிடம் இப்போதெல்லாம் அதுதான் சங்கடம். கோபித்துக்கொண்டால் சமாதானம் சொல்லலாம், சிரித்தால் பேச்சை மாற்றலாம். சும்மா நிற்கிறவளை என்ன செய்வது? பால்துரை சாவியைக் காணோம் என்றார். அரைமணி நேரம் தேடினார். சாவி அவர் சட்டைப்பையில்தான் இருந்தது. கடைசியில் ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

முதல் நோட்டைப் பிரித்தாள். தேதி, நோயாளி எண், முதல் நாள் எண்ணிக்கை, மறுநாள் எண்ணிக்கை. பெயர் எதுவும் கிடையாது; யாருடைய தட்டு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. முதல் சில பக்கம் ஒழுங்காக இருந்தது. அப்புறம் மறுநாள் கட்டத்தில் அடித்தல் திருத்தல் ஆரம்பமாயிற்று. 57 என்று எழுதி அடித்திருந்தது. பக்கத்தில் 54, அதையும் அடித்து 96. அடுத்த வரியில் 212, அடித்து 208, அதையும் அடித்து 150. இரண்டாவது நோட்டில் பக்கத்துக்கு நான்கைந்து. நான்காவதில் பாதிப் பக்கம் அடித்தல்.

“என்ன அண்ணாச்சி இது? ரெண்டு தடவ எண்ணி, ரெண்டையும் அடிச்சிட்டு மூணாவதா வேற என்னமோ போட்டிருக்கிய?”

“சிவப்பு வந்திருக்கும்.”

“சிவப்புன்னா?”

“நீங்க வச்சதுதான டாக்டரம்மா.”

அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆரம்ப நாட்களில் தூக்கம் கெட்ட கண்ணோடு 15ஐ 51 என்று ஏற்றிவிடுவார்கள். அதைப் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. கணக்குப்பிள்ளை எதிர்பார்த்த எண்ணிலிருந்து ரொம்ப விலகி எதையாவது ஏற்றினால், திரையில் சிவப்பாக ஒரு வரி வரும்: ‘எண்ணிக்கைப் பிழை. மீண்டும் எண்ணவும்.’ மூன்றாம் தடவையும் விலகினால் அந்தத் தட்டு செல்லாது.

“ஒங்களுக்குத் தெரியாததா?” என்றார் பால்துரை. “மூணாந்தடவையும் சிவப்பு வந்தா பூட்டிக்கிடும். பொறவு புதுத் தட்டு வைக்கணும். ரெண்டு நாளாவும். மேல கெடக்க மனுசன் ரெண்டு நாளு தாங்குவானா? முடிவு வராம மருந்தும் குடுக்க மாட்டாவொ. அதான், ரெண்டு தடவ உள்ளதச் சொல்லுவோம். கேக்கலன்னா மூணாந்தடவ அது கேக்கதப் போட்டுருவோம்.”

“அது என்ன கேக்குன்னு எப்படித் தெரியும்?”

“பழகிட்டா தெரியாதா? மொத நாளு நம்பரப் பாத்தா கைக்கே தெரிஞ்சிரும். இங்க மட்டுமில்ல, எல்லா ஊர்லயும் அப்படித்தான். ஊரோடு ஒத்து வாழ்னு இருக்குல்லா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னேனே. ரெண்டாவது மாசமே சொன்னேன். ‘அண்ணாச்சி, கண்ணக் காட்டிட்டு வாங்க’ன்னிய. காட்டுனேன். கண்ணாடி மாத்துனேன். அப்பவும் சிவப்புதான் வந்துச்சு. பொறவு எங்களுக்கே சந்தேகம் வந்துட்டு. நூத்துக்குத் தொண்ணூறு சரியாச் சொல்லுது அது. நான் வெறும் டி.எம்.எல்.டி. டிப்ளமா படிச்சவன். யாரு தப்பா இருப்பா, சொல்லுங்க?”

குற்றம் சாட்டுகிற குரலில் அவர் இதைச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஜெசிந்தா நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். கணக்குப்பிள்ளை வாராவாரம் சனிக்கிழமை, அந்த வாரம் ஏறிய எண்களையெல்லாம் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். கிளி ஒன்றைச் சொன்னது. கிளி சொன்னதை ஊர் சொன்னது. ஊரே சொல்கிறதே என்று கிளி இன்னும் சத்தமாகச் சொன்னது. தொண்ணூற்றேழு வந்த கதை இதுதான்.

ஐந்து நோட்டிலும் அடிபட்டுக் கிடந்த முதல் எண்களை எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றினாள், சிவப்பு ஏற்பாட்டை அணைத்துவிட்டு. மதியம் ஒரு மணி ஆயிற்று. பால்துரை டீ வாங்கி வந்து வைத்தார். குடித்தாள். சர்க்கரை போட மறந்திருந்தார்கள் என்று பால்துரைக்குத்தான் பிறகு தெரிந்தது.

முடிவு வந்தது. உண்மையில் ஒத்துப்போனது நூற்றுக்கு அறுபத்து நான்கு. மூன்றைத் தாண்டியதாகச் சொல்லி மருந்து மறுக்கப்பட்டவர்களில் இருபத்தொன்பது பேர் மூன்றுக்குள்தான் இருந்திருக்கிறார்கள். இருபத்தொன்பது என்று ஒரு தாளில் குறித்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் எத்தனை பிரதி என்று குறித்துக்கொள்வதுபோல இருந்தது. அந்த இருபத்தொன்பது பேருக்கும் வீடு இருந்திருக்கும், அடக்கம் நடந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது புரிந்தது. புரிந்ததோடு சரி.

கிளாட்வினின் எண் 417. அவன் செத்த பிறகு கொடுத்த சீட்டில்தான் அந்த எண்ணையே அவள் பார்த்தாள். ஐந்தாவது நோட்டு 380இல் முடிந்திருந்தது.

“ஆறாவது நோட்டு எங்க அண்ணாச்சி?”

“கரையான் அரிச்சிட்டு.”

அவள் அவரைப் பார்த்தாள்.

“பைண்டிங்குக்குக் குடுத்திருக்கு.”

“ரெண்டுல எது?”

பால்துரை ஸ்டூலில் உட்கார்ந்தார். “டாக்டரம்மா, ஒங்க கால்லகூட விழுதேன். அது வேண்டாம். அஞ்சு நோட்டு இருக்கு, இருவத்தொம்பது பேரு இருக்கு. ஒத்துப்போகலன்னு எழுத அது போதும்லா? எழுதுங்க. எம்பேரையும் போடுங்க. வேல போனாலும் போகட்டும். அந்த நோட்டு மட்டும் வேண்டாம்.”

அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தனக்கு விளங்கிவிட்டதாக அவள் நினைத்தாள்.

“நீங்க எண்ணுனதுக்காக ஒங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். சத்தியமா. அவ்வொ தட்டுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? வெறும் நம்பர்தான இருந்துச்சு. குடுங்க.”

பால்துரை முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு அவராகவே எழுந்து போய்த் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். டிபன் பாக்ஸுக்கு அடியில், பழைய தினசரியில் சுற்றி, அந்த நோட்டு இருந்தது. எட்டு மாதமாகத் தினமும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்துகொண்டிருந்திருக்கிறார். எரிக்கவும் மனசு வரவில்லை, அலமாரியில் வைக்கவும் மனசு வரவில்லை.

417. மறுநாள் எண்ணிக்கைக் கட்டம். 58 என்று எழுதி அடித்திருந்தது. பக்கத்தில் மறுபடி 58, அதுவும் அடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் 140.

இரண்டு எட்டும் இரண்டிரண்டு வட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியபடி இருந்தன.

“அன்னைக்கி எங்க அக்கா மகளுக்குக் கல்யாணம்,” என்றார் பால்துரை, கீழே பார்த்தபடி. “நான் போகலன்னுதான் சொன்னேன். ‘போய்ட்டு வாங்க அண்ணாச்சி, தட்ட நான் எண்ணுதேன், சும்மா இருக்க முடியல’ன்னு நீங்கதான் அனுப்பி வச்சிய. மறுவாரம் ஒங்க கையில இருந்த சீட்டுல நம்பரப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது.”

அப்போது அவளுக்கு அந்த நாள் திரும்பி வந்தது. சாயம் ஊற்றியதும் பொட்டு தெரிகிற மாதிரி, ஒவ்வொன்றாக. விளக்குப் பெட்டிமேல் வைத்த தட்டு. ஒரு பொட்டுக்கு ஒரு புள்ளி என்று பேனாவால் தொட்டுத் தொட்டு எண்ணியது. சிவப்பு வரி. கண்ணைக் கசக்கிக்கொண்டது. மூன்று நாளாகத் தூங்காத கண்தானே என்று நினைத்தது. மறுபடி எண்ணியது. மறுபடி சிவப்பு வரி. அப்புறம் என்ன நினைத்தாள் என்பதும் வந்தது. மேலே யாரோ ஒருவர் கிடக்கிறார், பாவம், இன்னும் இரண்டு நாள் அவரால் காத்திருக்க முடியாது. அப்படி நினைத்துத்தான் 140 என்று ஏற்றினாள். அடுத்த தட்டை எடுத்து வைத்தாள்.

அவனைப் பார்க்க விடவில்லை என்று எட்டு மாதமாக மற்றவர்கள் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். அன்று அவள் அவனைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை, ஒரு பொட்டு விடாமல்.

58க்கு என்ன வரும் என்று பார்க்கக் கணினி தேவைப்படவில்லை. மனசுக்குள்ளேயே போட்டாள். 1.4 வந்தது. மருந்து கேட்டிருக்கும்.

மூன்று மணிக்குக் கோமதிநாயகம் வந்தார். நல்ல மனிதர். சங்கரன்கோவில்காரர் என்றாலும் சென்னையில் இருந்து இருந்து பேச்சு மாறிவிட்டது. உட்கார்ந்ததும் கிளாட்வினைப் பற்றி இரண்டு வார்த்தை வருத்தமாகச் சொன்னார். பிறகு படிவத்தை வாங்கிப் படித்தார். ‘ஒத்துப்போகின்றன’ என்ற சொல்லை அடித்து, ‘ஒத்துப்போகவில்லை’ என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: ‘எடுத்துக்காட்டு: நோயாளி 417. எண்ணியது 58. பதிவிட்டது 140. எண்ணியவரும் பதிவிட்டவரும்: ஜெசிந்தா.’

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். நோட்டுகளையும் காட்டினாள். இரண்டு பக்கம் புரட்டினார்.

“மேடம், தொண்ணூத்தேழு சதவீதம்னு சட்டசபையிலேயே சொல்லியாச்சு. ஐம்பத்தெட்டு எங்க, நூத்தி நாற்பது எங்க? இவ்வளவு வித்தியாசம் வர்றதுக்கு வாய்ப்பே இல்லை. நீங்க அப்ப இருந்த நிலைமையில, எண்ணும்போது ஏதோ தப்பாயிருக்கும். யாருக்கும் ஆகும். மறுபடி ஒரு தடவை பார்த்துட்டு எழுதுங்களேன்.”

கோப்பிலிருந்து புதுப் படிவம் ஒன்றை உருவி அவள் முன்னால் வைத்தார். அவரிடம் மிரட்டல் ஒன்றும் இல்லை. உண்மையிலேயே அவளுக்கு உதவுவதாகத்தான் நினைத்தார்.

பால்துரை கதவோரம் நின்றிருந்தார்.

ஜெசிந்தா தேதி போட்டாள். ஒத்துப்போகவில்லை என்று எழுதினாள். நோயாளி 417, எண்ணியது 58 என்று எழுதி நீட்டினாள்.

கோமதிநாயகம் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “இதுல கையெழுத்தாச்சுன்னா திங்கக்கிழமை ஆரம்பிக்க வேண்டியது நின்னுடும். அது மட்டுமில்ல, மருந்து கிடைக்காம போன ஒவ்வொரு வீட்டுலேருந்தும் வந்து உங்க வாசல்ல நிப்பாங்க. முதல்ல உங்க மாமியாரே கேட்பாங்க. யோசிச்சுக்குங்க, மேடம்.” மூன்றாவது படிவத்தை எடுத்து வைத்தார். பேனாவையும் மூடியைத் திறந்து கொடுத்தார்.

மாமியார் கேட்பார்தான். பீரோவில் பொன்னாடை வைத்திருக்கும் அந்த அம்மாளிடம் இன்று சாயங்காலம் என்ன சொல்வது என்று யோசித்தபோது, பல் பிடுங்க ஊசி போட்ட தாடை தெளிய ஆரம்பிப்பதுபோல, நெஞ்சில் ஓரிடத்தில் வலித்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக வலித்தது. இன்னும் வலிக்கப் போகிறது என்றும் தெரிந்தது.

பேனாவை வாங்கினாள். நோயாளி 417. எண்ணியது, என்று எழுதி ஐந்தைப் போட்டாள். பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள். அதன்மேல் இன்னொரு வட்டம் வைத்தாள்.

“ஐம்பத்தெட்டுதான் சார்,” என்றாள்.